குப்பாயி காட்டுக்கு வந்த தொண்டர்

பெத்துராஜ் வாயைத் திறந்தால் கடைக்கு வந்த ஆள் சரக்கைக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விடுவார் என்பது போடிநாயக்கனூர்க் கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அவனுடைய அப்பா தங்கபாண்டியன் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தார். மலையிலிருந்து இறங்கும் காயைத் தரம் பிரித்து வடக்கத்தி வியாபாரிகளுக்குக் கைமாற்றிவிடும் தொழில். அதில் பேச்சுக்கே இடமில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தால் விலை படிந்துவிடும். பெத்துராஜோ துண்டுக்கடியில் விரலைக் கொடுத்துவிட்டு, இந்த நாடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எதிராளியிடம் கேட்பான். எதிராளி விரலை உருவிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

நகராட்சித் தேர்தலில் ஒருமுறை நின்று பார்த்தான். அவன் பிரசங்கம் செய்யாத தெருக்களில் மட்டும் ஓரளவு ஓட்டு விழுந்தது.

"இவனை எங்கிட்டாவது ஏத்தி அனுப்பிச்சாத்தான் கடை பொழைக்கும்" என்று தங்கபாண்டியன் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஐம்பத்தைந்தாம் வருஷம், ஊருக்குள் 'தன்னிறைவு' என்ற சொல் வந்து சேர்ந்தது. காப்பிக் கடையில் இரண்டாவது டம்ளர் கேட்டவனைக்கூட "இன்னும் தன்னிறைவு அடையலையாக்கும்?" என்று கேட்டார்கள். அந்தச் சொல்லைப் பிடித்து ஒரு சங்கமே கட்டினார் அழகுமலை. மலைமேல் ஏலத்தோட்டமும் ஊருக்குள் மாடி வீடும் உடையவர். தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையே என்ற கவலை அவருக்கு வருஷம் பூராவும் உண்டு. அதை மேடையில் பேசினால் நன்றாயிருக்காது என்பதால் மலைமக்களின் நிலைமையைப் பற்றிப் பேசினார்.

"காட்டிலே வாழ்கிற நம் முதுவர் சகோதரர்கள் இன்றைக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார்கள்" என்று தொடக்கக் கூட்டத்தில் அவர் சொன்னபோது பலருக்குக் கண் கலங்கியது. யார் கையை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முதுவர்கள் எப்போதாவது கீழே இறங்கி, தேனையும் கொஞ்சம் ஏலக்காயையும் கொடுத்துவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு, நில்லு என்றாலும் நிற்காமல் ஏறிப் போகிறவர்கள். அவர்கள் ஊரில் யாரிடமும் ஒரு பிடி புகையிலைகூடக் கடன் கேட்டதாகச் சரித்திரமில்லை.

தொண்டர் படைக்குத் தலைவன் வேண்டும் என்றார் அழகுமலை. தங்கபாண்டியன் சட்டென்று எழுந்து மகனுடைய கையைத் தூக்கிப் பிடித்தார். கடைத்தெருவே கை தட்டியது. பெத்துராஜ் அதைத் தனக்கு வந்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

படையில் ஐந்து பேர். மலையடிவாரத்துக் குரங்கணி வரை ஜீப்பு, அதற்கு மேல் நடை. காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை கடித்ததில் இரண்டு தொண்டர்கள், தங்களுக்குக் கீழே அவசரச் சோலி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாகச் சொல்லி ஜீப்பைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். மிஞ்சியது மூன்று பேர். பெத்துராஜ், நூல் நூற்கக் கற்றுக்கொடுக்க வந்த ஜெபமணி என்ற ஒல்லியான நடுவயதுக்காரர், மதுரையில் தேனீ வளர்ப்பு படித்துவிட்டு வந்த, மளிகைக்கடை வீட்டுப் பிள்ளை சவுகத் அலி. ராட்டைகள், பஞ்சு மூட்டை, தேனீப் பெட்டிகள், அரிசி, 'தன்னிறைவே தலைநிமிர்வு' என்று எழுதிய மிகப் பெரிய துணிப் பதாகை எல்லாம் கூடவே வந்தன. சுமந்தவர்கள் முதுவர்கள். கைவீசி நடந்த பெத்துராஜ் வழியெல்லாம் மூச்சு வாங்க, சுமையோடு முன்னால் போகிறவர்களிடம் சொந்தக் காலில் நிற்பதன் அருமையை விளக்கிக்கொண்டே போனான்.

முதுவர்களின் ஊரான தேன்பாறைக்குடி, மலையின் தோளில் இருந்தது. ஈத்தை மூங்கிலும் புல்லும் வைத்துக் கட்டிய குடிசைகள், கீழே சரிவில் ராகிக் காடு. கல்யாணமாகாத ஆண்கள் படுக்கும் சாவடியில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார் குடித்தலைவர் சுருளி. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஆட்களைக் கேட்காத மாதிரி.

மறுநாள் காலையில் பெத்துராஜ் குடியின் நடுவே நின்று தொடக்க உரை ஆற்றினான். பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஆண்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் வரை எதிரொலித்த அந்த உரையை முழுசாகக் கேட்டது ஜெபமணி மட்டும்தான். அவருக்கு ஒரு காது மந்தம்.

உரைக்கு அடுத்தது சமபந்தி. இது அழகுமலையின் முக்கியமான ஏற்பாடு. தொண்டர்கள் மலைமக்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது பெத்துராஜின் அம்மா இதைக் கேட்டு அழுதிருந்தாள். அவனும் உள்ளுக்குள் ஒரு மாதிரி கூசித்தான் போனான், பிறகு காலம் மாறிவிட்டது என்று தனக்குத்தானே பிரசங்கம் செய்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தான். சவுகத் அலி சோறு வடித்துப் பருப்புக் குழம்பும் வைத்தான். இலை போட்டார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"நீங்க வடிச்சதை நாங்க தொடக்கூடாது அப்பு" என்றார் சுருளி.

"ஏன்? சுத்தமாத்தான் பண்ணியிருக்கு."

"சுத்தம் இருக்கட்டும். குலத்துக்கு ஆகாதுல்ல?"

பெத்துராஜுக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு குலத்துக்கு?"

"எங்க குலத்துக்குத்தான். கீழ்நாட்டாளுக கை பட்டதை நாங்க திங்கிறதில்லை."

"அய்யா, நாங்க உங்ககூட உக்காந்து சாப்பிடறதுன்னு முடிவு பண்ணித்தானே வந்திருக்கோம்!"

"நீங்க முடிவு பண்ணிட்டீக. நாங்க பண்ணலையே" என்று சொல்லிவிட்டு, இலையை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார் சுருளி.

அன்று முழுக்கப் பெத்துராஜின் முகம் செத்துக் கிடந்தது. தான் மனதைப் பெரிசாக்கிக் கொடுத்த ஒன்றை ஒருத்தர் வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போவது அவனுக்குப் புதிசு. "நம்மளப் போயி..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்க முடியாமல் விட்டான். சவுகத் அலி இலைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு இது பழக்கந்தாண்ணே. உங்களுக்குத்தான் முதல் தடவை."

தொண்டு தொடங்கியது. மலையில் பருத்தி விளையாது. எனவே கீழேயிருந்து பஞ்சைக் கொண்டுவந்து, மேலே நூலாக்கி, மறுபடி கீழே மதுரைக்கு அனுப்பித் துணியாக்கி, அந்தத் துணியை மேலே கொண்டுவந்தால் குடி துணியில் தன்னிறைவு அடைந்துவிடும் என்பது சங்கத்தின் திட்டம். மூடுபனி அதைக் கேட்கவில்லை. ராட்டையில் மாட்டிய இழை ஈரத்தில் நைந்து நைந்து அறுந்தது. பெண்கள் வந்து பார்த்தார்கள், பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம் வேண்டுமென்றார்கள். ஜெபமணி மகிழ்ந்து போய் மூட்டையையே கொடுத்தார். மறுநாள் குடிப்பிள்ளைகள் எல்லாம் மெத்தென்ற தலையணையில் தூங்கின. காய்கறித் தோட்டம் போட்டார்கள். முட்டைக்கோசு நன்றாகத்தான் வந்தது. ஒரே வாரத்தில் மிளா மான்கள் அதில் தன்னிறைவு அடைந்தன. மதுரையிலிருந்து வந்த தேனீக்கள் பெட்டியைத் திறந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் குடிக்கு மேலேயிருந்த தேன்பாறைக்குப் போய்ச் சேர்ந்தன.

"அம்புட்டுப் பெரிய பாறை சும்மா கெடக்கும்போது பெட்டிக்குள்ள எதுக்கு இருக்கணும்னு நெனச்சிருக்கும்ணே" என்றான் சவுகத் அலி, வருத்தமே இல்லாமல்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. குரங்கணிப் பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டது. சாவடிக் கூரையின் எந்த இடம் ஒழுகும் என்று தெரியாமல் தொண்டர்கள் அரிசி மூட்டைகளைச் சரியாக அந்த இடத்திலேயே அடுக்கியிருந்தார்கள். அரிசி முளைவிட்டு நாறியது. கையில் மிஞ்சியது உப்பும் வெந்தயமும். இரண்டு நாள் வெந்தயக் கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டு, பெத்துராஜ் நனைந்த பூனை மாதிரி சுருளியிடம் போய் நின்றான்.

"பாதை சரியாகுற வரைக்கும்... கொஞ்சம் ராகி..."

சுருளி குடிக்கூட்டத்தைக் கூட்டினார். மூன்று வாய்க்குச் சும்மா ராகி கொடுப்பது முறையா என்று நெடுநேரம் பேசினார்கள். முறையில்லை, வேலைக்குக் களி என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அடுத்ததாக எந்த வீட்டுக்கு எவர் என்ற பேச்சு. மூன்று தொண்டர்களையும் முற்றத்தில் நிறுத்திவைத்துச் சந்தையில் ஆடு பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மூங்கில் பிளக்கக் கை வாகாக இருக்கிறது என்று சவுகத் அலியைச் சுருளியே எடுத்துக்கொண்டார். ஜெபமணியை யாரும் கேட்கவில்லை. கடைசியில் பிள்ளை பார்த்துக்கொள்வதற்கு ஆகட்டும் என்று ஒரு வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

பெத்துராஜைக் கேட்டவள் குப்பாயி. புருஷன் இறந்தவள், ஐம்பதை நெருங்கியவள், குடியிலேயே பெரிய காடு அவளுடையது. மருமகன்மார் வேறு குடியில் இருந்ததால் அவளுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவள் என்று பெயர்.

"இவனைக் குடுங்க" என்றாள்.

"அவனுக்குக் கையில வலுவில்லை குப்பாயி" என்றார் சுருளி.

"கை யாருக்கு வேணும்? அன்னைக்கு நடுக்குடியில நின்னு கத்துனான்ல, அன்னைக்கு முழுக்க எங்காட்டுல ஒரு கிளி எறங்கலை. இவனைக் குடுங்க."

அப்படித்தான் தன்னிறைவுச் சங்கத்தின் தொண்டர் படைத் தலைவன் ராகிக் காட்டுப் பரண்மேல் ஏறி உட்கார்ந்தான். கதிர் பால் பிடித்து முற்றும் நேரம். மழை விட்டு வெயில் தலைகாட்டும்போதெல்லாம் கிளிகள் பச்சைப் போர்வை விரித்தாற்போல் வந்து இறங்கும். அதன் பிறகு குரங்குகள். முதல் நாள் கையைத் தட்டினான், தகரத்தை அடித்தான். கிளிகள் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து மறு பக்கத்தில் உட்கார்ந்தன. குப்பாயி கீழே நின்று பார்த்தாள்.

"எதுக்கு ஒன்னை வாங்குனேன்? வாயத் தொறடா."

"என்ன பேசுறது?"

"அன்னைக்கு என்ன பேசுன? அதையே பேசு."

பெத்துராஜ் தொண்டையைச் செருமினான். "சகோதரர்களே! தாய்மார்களே!" என்றான். கிளிகள் தலையைத் தூக்கின. "நமது முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் அடிப்படை நோக்கம் என்னவென்றால்..." கூட்டம் மொத்தமாக எழுந்து அடுத்த மலைக்குப் போய்விட்டது. பத்தாவது நிமிஷம் வந்த குரங்குப் படை, உணவு உற்பத்திப் பெருக்கம் என்ற இடத்தில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பொழுது சாயும்போது குப்பாயி ஒரு உருண்டை களியும் கீரைக் குழம்பும் கொடுத்தாள். ஆயுசில் முதல் தடவையாக, கேட்டவர்கள் எழுந்து ஓடியதற்காக அவனுக்குச் சாப்பாடு கிடைத்தது. அவன் அந்தக் களியைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

குப்பாயி நல்லவள் என்று சொல்லிவிட முடியாது. களி உருண்டையை நாளுக்கு நாள் சிறிசாக்கினாள். அவனுடைய சோப்புக் கட்டியை ஒருநாள் பார்க்க வாங்கினாள், அது திரும்பவே இல்லை. சங்கத்தின் பதாகையைக் கழற்றிக்கொண்டு போய் அறுத்த கதிரின்மேல் போர்த்தி, காற்றில் பறக்காமலிருக்கத் 'தன்னிறைவே' மேல் ஒரு கல்லும் 'தலைநிமிர்வு' மேல் ஒரு கல்லும் வைத்தாள். கேட்டால், "நனையாம இருக்கட்டும்னுதானே துணி?" என்பாள். ஒருநாள் அவன் பரணில் தூங்கிப்போய் ஒரு மூலைக் கதிரைக் குரங்கு தின்றபோது, அன்றைக்குக் களி கிடையாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சொன்னபடியே களி தரவுமில்லை. சவுகத் அலிதான் தன் பங்கில் பாதி கொடுத்தான்.

ஆனாலும் பெத்துராஜுக்கு உடம்பு இறுகியது. தொப்பை கரைந்தது. அதைவிட முக்கியம், காடு அறுவடையானபோது, அந்த வருஷம் குடியிலேயே சேதாரம் குறைந்த காடு குப்பாயியுடையது என்று சுருளி எல்லார் முன்னாலும் சொன்னார். தேர்தலில் ஜெயித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு இனித்திருக்காது.

தை மாதம் பாதை திறந்தது. முதலில் வந்தது அரிசியில்லை, தகவல். டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மலைமக்களின் தன்னிறைவைப் பார்வையிட வருகிறார். இரண்டாம் நாளே அழகுமலை டோலியில் வந்து இறங்கினார். டோலி தூக்கியவர்களுக்கு மூச்சு இரைத்தது; இறங்கியவருக்கும் இரைத்தது. கூடவே ஒரு போட்டோக்காரர், மதுரைக் கடையில் வாங்கிய கதர்த் துணி மூட்டை, கமலா ஆரஞ்சுக் கூடை.

"துணி நம்ம குடியில நெய்தது. பழம் நம்ம தோட்டத்துல வெளைஞ்சது. புரிஞ்சதா?" என்றார் பெத்துராஜிடம். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா இப்பிடிக் கறுத்துப் போயிட்ட? போட்டோவுல நீ தொண்டனா அவுகளான்னு தெரியணும்ல? வெள்ளைச் சட்டை போட்டு நில்லு."

அதிகாரி வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தலையில் தொப்பி, காலில் அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை பட்டை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. துணியைத் தடவிப் பார்த்தார், பழத்தைத் தின்றார், தலையணையில் தூங்கும் குழந்தைகளைப் பார்த்து மலர்ந்தார். பிறகு, "இவர்களில் ஒருவரிடம் நான் நேரடியாகப் பேச வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னார். யாரைக் கூப்பிடுவது என்று அழகுமலை யோசிப்பதற்குள் குப்பாயி தானாகவே முன்னால் வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கோரிக்கை இருந்தது.

"தன்னிறைவு வந்துவிட்டதா என்று கேளுங்கள்" என்றார் அதிகாரி. அழகுமலை தமிழில் கேட்டார்: "ஆத்தா, சொந்தக் கால்ல நிக்கிற அளவுக்குத் தேறியாச்சான்னு அய்யா கேக்குறாக."

குப்பாயி பெத்துராஜைப் பார்த்தாள். தன் ஆளைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லை" என்றாள். "வந்த புதுசுல ஒண்ணும் தெரியாது. ஓடையில தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது. அரிசியை நனையாம வைக்கத் தெரியாது. பசிச்சா அழுகத்தான் தெரியும். நாங்கதான் சோறு போட்டு, சோலி பழக்கி, ஆளாக்குனோம். இப்பக் கொஞ்சம் தேறியாச்சு. இன்னும் ரெண்டு வெள்ளாமை கூட இருந்தா தானாப் பொழைச்சுக்கிடும். அதுக்குள்ள கீழ கூட்டிட்டுப் போயிறாதீக."

ஜெபமணி தன் நல்ல காதைக் கையால் மூடிக்கொண்டார். சவுகத் அலி வானத்தைப் பார்த்தான். அழகுமலையின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. நிதானமாக, திருத்தமான இங்கிலீஷில் சொன்னார்:

"இவள் சொல்கிறாள்: 'எங்களுக்கு முன்பு ஒன்றும் தெரியாது. தண்ணீர் மொண்டு குடிக்கத் தெரியாது. தானியத்தைப் பாதுகாக்கத் தெரியாது. பசித்தால் அழத்தான் தெரியும். இவர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டு, தொழில் பழக்கி, மனிதர்களாக்கினார்கள். இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் நாங்கள் சொந்தக் காலில் நிற்போம். தயவுசெய்து இவர்களை அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.'"

ஒரு சொல்லைக்கூட அவர் விடவில்லை. யார் யாரைச் சொன்னார்கள் என்பதை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெத்துராஜ் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நன்றாகப் படித்தவன். முழுவதும் புரிந்தது. வாயைத் திறந்தான். போட்டோக்காரர் "அசையாதீக" என்றார். திறந்த வாயோடு அவன் அந்தப் படத்தில் பதிந்தான். சங்கத்தின் ஆண்டு மலரில் அதற்குக் கீழே 'தொண்டர் தலைவரின் ஆனந்தம்' என்று போட்டார்கள்.

தொண்டர்கள் மலையிறங்கி வந்ததும் போடியில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாலை, பொன்னாடை, கடைத்தெருவே திரண்டிருந்தது. பெத்துராஜ் பேச எழுந்தபோது பின்வரிசைக்காரர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து போகச் செருப்பைத் தேடினார்கள். ஆனால் அன்று அவன் சுருக்கமாகப் பேசினான்.

"நாங்க அங்க யாருக்கும் ஒண்ணும் கத்துக்குடுக்கலை. எங்க அரிசி வீணாப் போச்சு. அவுகதான் எங்களுக்குச் சோறு போட்டாக. நான் கிளி வெரட்டுனேன். துணி மதுரையில வாங்குனது. அந்த அம்மா சொன்னது எங்களைப் பத்தி. அவுகளுக்கு நம்ம தேவையே இல்லை. சும்மா விட்டாப் போதும்."

அழகுமலை முதலில் கை தட்டினார். "பாத்தீகளா அடக்கத்தை! தொண்டன்னா இப்பிடி இருக்கணும்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. பெத்துராஜ் "நெசமாத்தான் சொல்றேன்" என்று கத்தினான். கைதட்டல் இன்னும் கூடியது. அவன் வாழ்நாள் முழுக்க ஏங்கிய கைதட்டல் அதுதான். அது கிடைத்த அன்றைக்கு, வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி எருமைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்துகொண்டான்.

தங்கபாண்டியன் எட்டிப் பார்த்தார். "நல்லாப் பேசுனடா. வெரசா முடிச்சுட்ட" என்றார். அது அவருடைய மனமார்ந்த பாராட்டு.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. மலைமக்கள் இவ்வளவு முன்னேறிவிட்டதால் அவர்களுக்கு நிலையான வேலை கொடுக்க வேண்டும். அதற்காகத் தேன்பாறைக்குடிக்குப் பக்கத்துச் சரிவு ஏலத்தோட்டம் போட அழகுமலைக்குக் குத்தகையாகத் தரப்படுகிறது. முதுவர்களுக்கென்று சரிவில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள் எழும்பின. காலையில் சங்கு ஊதும், ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும், கங்காணி பெயர் கூப்பிடுவார். சொந்தக் காலில் நிற்பவர்கள் நிற்பதற்கு இடமும் குறித்தாகிவிட்டது.

பெத்துராஜ் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் தனியாக மலையேறினான். குடியைத் திரட்ட வேண்டும், மனுக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் பாதையை மறித்து உட்கார வேண்டும் என்று வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டு போனான். சுருளி முழுவதையும் கேட்டார்.

"நாங்க பங்குனியில போறோம் அப்பு" என்றார்.

"எங்க?"

"மேல. அந்தப் பக்கம். இந்தக் காடு வெதச்சு வெதச்சுக் களைச்சுப் போச்சு. வருஷம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் போகவேண்டியதுதான்."

"அப்ப இது உங்க இடமில்லையா? விட்டுக்குடுக்கலாமா?"

சுருளியின் முகம் கொஞ்சம் இறுகியது. "எங்க இடந்தான். காடு வளந்ததும் திரும்பி வர்ற இடம். இனிமே வர முடியாது. அதுக்கு நீ ஒரு மனுக் குடுத்தா, பாக்க இன்னும் நாலு பேரு டோலியில வருவாக. அவுகளுக்கும் சோறு போடணும்." அவர் எழுந்து போய்விட்டார். பெத்துராஜ் எழுதிவந்த மனுவைப் பிறகு வெளியே எடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை குடி காலியாக இருந்தது. தலையணைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ராட்டைகள் மட்டும் சாவடியில் வரிசையாக இருந்தன. தகர வீடுகளில் சங்கு ஊதிய கங்காணி பெயர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்து அழகுமலையிடம் சொன்னார். மலையின் முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம். மொழிவாரியாக எல்லை பிரித்த சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அங்கே போய் ஆளைக் கூட்டிவர அழகுமலைக்கு அதிகாரமில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. அந்த ஆண்டுச் சங்க அறிக்கையில், தேன்பாறைக்குடி மக்கள் நமது உதவியே வேண்டாம் என்னும் அளவுக்கு முழுத் தன்னிறைவு அடைந்துவிட்டார்கள் என்று எழுதினார். சங்கத்துக்கு ஒரு கேடயம் வந்தது. குத்தகை நிலமும் அவரிடமே இருந்தது. வேலைக்குக் கம்பம் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்.

பெத்துராஜ் கடையில் உட்கார்ந்தான். இப்போது துண்டுக்கடியில் விரலைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டிருந்தான். வியாபாரம் நன்றாக நடந்தது. தங்கபாண்டியன் மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார். சவுகத் அலி மட்டும் அவ்வப்போது வந்து, "என்னண்ணே, ஊமையாயிட்டீக?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அடுத்த புரட்டாசியில் பெத்துராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மூட்டை உப்பைக் கட்டிக்கொண்டு, சவுகத் அலியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு முகடு ஏறி இறங்கினான். விசாரித்து விசாரித்துப் போனதில் ஒரு சரிவில் புதுக் குடிசைகள் தெரிந்தன, பழுக்கத் தொடங்கிய ராகிக் காடு தெரிந்தது, அதற்கு நடுவே இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டிய பெரிய பதாகையும் தெரிந்தது. எழுத்து மலையாளம். படிக்கத் தெரியாவிட்டாலும் என்ன எழுதியிருக்கும் என்று இருவருக்கும் தெரிந்தது.

குப்பாயி அவனைப் பார்த்ததும் குசலம் விசாரிக்கவில்லை. உப்பு மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"கோட்டயத்திலருந்து நாலு பேரு வந்திருக்கானுக" என்றாள். "இந்தத் தடவை நாங்க மழைக்கெல்லாம் காத்திருக்கலை. வந்த அன்னைக்கே வீட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டோம். சுருளிக்கு ரெண்டு. எனக்குக் கெடைச்சது பாரு, அதுதான்."

பரண்மேல் கண்ணாடி போட்ட, மெலிந்த ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். கையில் ஏதோ புத்தகம். காட்டின் கீழ்மூலையில் கிளிகள் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. வாலிபன் எழுந்து நின்று அவற்றைப் பார்த்து மென்மையான குரலில், மலையாளத்தில், ஏதோ வேண்டிக்கொண்டான். கிளிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நல்ல பையன்தான். ஆனா சத்தமே வரமாட்டேங்குது" என்றாள் குப்பாயி. "ஒங்க சங்கத்துல சொல்லி, கொஞ்சம் தொண்டை உள்ளவனா அனுப்பச் சொல்லேன்."

"அந்தச் சங்கம் எல்லை தாண்டி வராது."

"நீ வந்திருக்கல்ல?"

கீழ்மூலையில் இன்னொரு கூட்டம் இறங்கியது. சவுகத் அலி பாறையில் சாய்ந்துகொண்டு, "போங்கண்ணே" என்றான். பெத்துராஜ் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுப் பரணில் ஏறினான். கண்ணாடிக்கார வாலிபன் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டான். பெத்துராஜ் காட்டின் நான்கு பக்கமும் ஒரு பார்வை பார்த்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

"கேரளத்துச் சகோதரர்களே!" என்றான்.